கல்லுக்கு எட்டு வரி

ஆர்.கே.பேட்டை
12.5.2025

தம்பி ஆசீர்வாதத்துக்கு, அன்புராஜின் நைனா வீரராகவன் எழுதுவது. நாங்கள் சுகம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். கவரைப்பேட்டையில் நீயும் உன் சம்சாரம் கிரேஸும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வருகிற ஜூலை ஒன்பதோடு அவன் போய் ஒரு வருஷம். நம் நிலத்துக்கு முன்னால், ரோடு திரும்புகிற இடத்தில் கல் ஒன்று நடப்போகிறேன். மேலே அவன் முகம், கீழே கவிதை. எட்டு வரிக்குத்தான் இடம் என்கிறார் கல் அடிக்கிறவர். பட்டாளத்தில் நீ நோட்டுப் போட்டுக் கவிதை எழுதுவாய் என்று ஒவ்வொரு லீவிலும் அவன் சொல்வான். "எங்க அண்ணன் எழுதினதப் படிச்சா நம்ம ஊரு வெயில்லகூட குளிரும் நைனா" என்பான். அதனால் நான் வேறு யாரிடமும் போகவில்லை.

ஒன்று மட்டும் முக்கியம். குண்டு பட்டு இறந்தான் என்று வர வேண்டும். எதிரி சுட்டான், நெஞ்சில் வாங்கினான், அப்படி. உடல்நலக் குறைவால் மரணம் என்று பட்டாளத்திலிருந்து வந்த காகிதம் எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அந்தக் காகிதம் பீரோவில் இருக்கும். கல் ரோட்டில் இருக்கும்.

போன் பண்ணாதே. நான் போனை எடுத்தால் என் வீட்டுக்காரி சந்திரகலா வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள், மகனைப் பற்றி யாராவது புதிதாகச் சொல்வார்களா என்று. கடிதமும் வீட்டுக்கு வேண்டாம். பஸ் ஸ்டாண்டு எதிரில் லோகு உரக்கடை முகவரிக்கு எழுது.

இப்படிக்கு,
வீரராகவன்


கும்மிடிப்பூண்டி
20.5.2025

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

காகிதத்தைப் பார்த்துத் தவறாக நினைக்க வேண்டாம். இது பழைய கேட் பாஸின் பின்பக்கம். நான் இங்கே ஒரு இரும்பு ஆலையில் கேட் செக்யூரிட்டி. டூட்டியில் ஏறும்போதே போனை வாங்கி லாக்கரில் வைத்துவிடுவார்கள். லாரிக்கும் லாரிக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில் எழுதுவதுதான். பதினேழு வருஷம் பட்டாளத்தில் நின்றேன், இங்கேயும் நிற்கிறேன். சுடச் சொல்வதில்லை, சல்யூட் மட்டும் அடிக்கச் சொல்கிறார்கள்.

நீங்கள் கேட்டதை எழுத உட்கார்ந்தேன். நெஞ்சு, குண்டு என்று இரண்டு வரி ஓடியது. மூன்றாவது வரியில் அன்பு வந்து நின்றுகொண்டான். மேலே பனிமலையில் இருந்தபோது என் கவிதையை முதலில் கேட்கிறவன் அவன்தான். மண்ணெண்ணெய் ஸ்டவ் புகையில் காறித் துப்பினாலும் கறுப்பாக வருகிறது என்று ஒன்று எழுதியிருந்தேன். "இன்னாண்ணே, மிலிட்டரிக்காரன் கவிதைன்றாங்க, ஒரு சண்டகூட இல்ல" என்று சிரித்தான். அப்புறம், "ஆனா இதான் நெஜம்" என்றான். அவனுக்கே ஒரு கவிதை எழுதும்போது அதை எப்படி ஐயா மாற்றுவேன்?

இந்த எட்டு வரியை எழுத எனக்கு ஒரு வருஷம் ஆனது.

மூன்று நாள் வானம் பார்த்துக் கிடந்தான்.
மேகம் விலகவில்லை.
எதிரி என்று யாரும் வரவில்லை.
தண்ணீர் கேட்டான்,
பனியை உருக்கிக் கொடுத்தோம்.
சத்தம் கேட்குதா என்று கேட்டான்.
கேட்குது என்று
நாங்கள் நான்கு பேரும் சொன்னோம்.

சத்தம் என்று அவன் கேட்டது ஹெலிகாப்டர் சத்தத்தை. கல்லில் அதை விளக்க இடம் இல்லை. உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

தங்கள் உண்மையுள்ள,
ஆசீர்வாதம்


ஆர்.கே.பேட்டை
29.5.2025

ஆசீர்வாதம்,

உன் கவிதையை உரக்கடையில் நின்றுகொண்டே படித்தேன். வாங்க வந்த யூரியாவை வாங்காமல் வந்துவிட்டேன்.

மூன்று நாளா? பெட்டியோடு வந்த ஆபீசர் என் கையைப் பிடித்துக்கொண்டு, சட்டென்று போய்விட்டான், கஷ்டப்படவில்லை என்று சொன்னார். அப்போது நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாய், சரி. அதற்கப்புறம் என் வீட்டுக்கு வந்தாயே. சந்திரகலா கையால் சாப்பிட்டாயே. அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை. ஒரு வருஷம் பூட்டி வைத்துவிட்டு இப்போது கவிதையாக அனுப்புகிறாய். பெற்றவனுக்குச் செய்தி சொல்லுகிற முறை இதுதானா?

இங்கே என் நிலைமை உனக்குத் தெரியாது. அவனைக் கொண்டுவந்த அன்றைக்கு இந்த ஊரே பேனர் வைத்தது, வீர மரணம் என்று. காகிதம் வந்தபிறகு எல்லாருக்கும் பேச்சு மாறிவிட்டது. போன வாரம் டீக்கடையில் அரசப்பன் எனக்குக் கேட்கும்படியே சொல்கிறான், "காய்ச்சல்ல போனவனுக்கு இன்னாத்துக்குக் கல்லு." அவனோடு மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பு இல்லை.

நீ உயிரோடு வந்துவிட்டாய். பென்ஷன் வாங்குகிறாய், கேட்டில் உட்கார்ந்து கவிதை எழுதுகிறாய். நல்லது. ஒன்று மட்டும் சொல்லு. மூன்று நாள் என் பிள்ளை சாகக் கிடந்தான். பக்கத்தில் இருந்தவன் நீ. நீ என்ன செய்தாய்?

வீரராகவன்


கும்மிடிப்பூண்டி
8.6.2025

ஐயா,

நீங்கள் கேட்டது நியாயம். நான் செய்ததை எழுதுகிறேன். எழுதி முடித்தால் அது ஒன்றுமில்லை என்று தெரிகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

அந்தக் காவல் போஸ்டில் நாங்கள் ஐந்து பேர். ஆறாம் தேதி காலை அவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. உயரத்தில் வருகிற நோய் அது, நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். கீழே இறக்கினால் பிழைப்பான், மேலேயே வைத்தால் பிழைக்க மாட்டான். எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். ரேடியோவில் சொன்னோம். அங்கிருந்து டாக்டர் சொன்ன ஊசியைப் போட்டோம். ஆக்சிஜன் வைத்தோம். தூக்கிக்கொண்டு இறங்கலாம் என்று கட்டியும் பார்த்தோம். நூறு அடி போவதற்குள் இடுப்பளவு பனி, அதற்கு அடியில் பிளவு. திரும்பிவிட்டோம்.

ஹெலிகாப்டர் இரண்டு தடவை வந்தது. மேகத்துக்கு மேலே சத்தம் கேட்டது. இறங்குகிற இடம் அவர்களுக்குத் தெரியவில்லை. தெரியட்டும் என்று நானும் இன்னொருத்தனும் பனியை மிதித்துச் சமமாக்கி, சிவப்புத் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பனி விழ விழ மிதித்தோம். என் இடது காலில் மூன்று விரல் போனது அங்கேதான். நீங்கள் வீட்டில் பார்த்துவிட்டுக் கேட்டீர்கள், நான் மழுப்பினேன். பறக்கிறவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த மேகத்தில் பறவைகூட வராது.

அதற்கப்புறம் சத்தமே இல்லை. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், "அண்ணே, சத்தம் கேக்குதா?" கேட்குதுடா, கிட்ட வந்துகினு இருக்குது என்று சொன்னேன். ஒன்பதாம் தேதி காலையில் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. வந்து இறங்கினார்கள். அவன் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

இங்கே ஆலையில் உலைக்குக் காற்று ஊதுகிற ஃபேனைப் போட்டால் அதே சத்தம் வரும். ஒவ்வொரு தடவையும் வானத்தைப் பார்க்கிறேன். லாரிக்காரர்கள் சிரிக்கிறார்கள்.

இத்தோடு நிறுத்தலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. நாலாம் தேதியே அவன் தலைவலி என்று என்னிடம் சொன்னான். ராத்திரி இருமினான். யாரிடமும் சொல்லாதே என்றான், நான் சொல்லவில்லை. மேலே எல்லாருக்கும் தலைவலிதான் என்று மாத்திரை கொடுத்தேன். அன்றைக்கு வெயில் அடித்தது, ஐயா. அடுத்த நாளும் அடித்தது. அந்த இரண்டு நாளில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவனைக் கீழே இறக்கியிருப்பார்கள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். இதைத்தான் செய்தேன்.

ஆசீர்வாதம்


ஆர்.கே.பேட்டை
14.6.2025

ஆசீர்வாதம்,

ஏன் மறைத்தான்? காரணம் ஏதாவது சொன்னானா?

ஐந்தாம் தேதி அவன் வீட்டுக்குப் போன் பேசினான். அப்போது பக்கத்தில் யாராவது இருந்தார்களா? உடனே பதில் எழுது.

வீரராகவன்


கும்மிடிப்பூண்டி
19.6.2025

ஐயா,

காரணம் ஒன்றும் சொல்லவில்லை. இளவட்டம், படுத்துக்கொண்டான் என்று பேர் வரக்கூடாது என்று நினைத்திருப்பான். போன் அவன் தனியாகத்தான் பேசினான். நான் அந்தப் பக்கமே இல்லை.

இனி இதை விட்டுவிடலாம். நீங்கள் கேட்ட மாதிரியே எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கல் அடிக்கிறவருக்கு நேரம் வேண்டுமே.

நெஞ்சிலே குண்டு வாங்கி
நிலம் காத்த எங்கள் செல்வன்
அஞ்சிடா வேங்கை போல
அரணாக நின்ற வீரன்
ஒருநொடிப் பொழுதில் இந்த
உலகத்தை விட்டுப் போனான்
பெருமையாய் இந்த மண்ணில்
பெயராக வாழு கின்றான்

இதை எழுத எனக்குப் பத்து நிமிஷம் ஆனது. ஒரு லாரி எடை போட்டு வெளியே போவதற்குள் முடித்துவிட்டேன். பத்து ஊரில் பத்துக் கல்லில் இதே மாதிரி இருக்கும், யாரும் நின்று கேள்வி கேட்க மாட்டார்கள். அன்பு இருந்தால் சிரிப்பான். பரவாயில்லை, சிரிக்கட்டும்.

ஆசீர்வாதம்


ஆர்.கே.பேட்டை
28.6.2025

தம்பி ஆசீர்வாதம்,

நீ கவிதை அனுப்பிவிட்டாய். நான் உன்னைத் திட்டி எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் காகிதத்தை எடுத்தேன். இப்போது மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து வேறொன்றை எழுதுகிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சந்திரகலாவுக்குத் தெரியாது. எங்கள் மகள் பூமிகாவுக்கும் தெரியாது.

ஐந்தாம் தேதி போன் வந்தபோது நான் இதே கொட்டகையில் இருந்தேன். "நைனா, தல ரொம்ப வலிக்குது, இருமினா நெஞ்சு புடிக்குது, மேல சொல்லிடட்டுமா" என்று கேட்டான். சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டேன். "கீழ எறக்கி ஆஸ்பத்திரில போட்டுருவாங்க, லீவு தள்ளிப் போவும்" என்றான்.

அவன் அம்மா பெரியபாளையத்துக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். மகன் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தால், வேப்பஞ்சேலை கட்டிக்கொண்டு பவானி அம்மன் கோயிலைச் சுற்றி வருகிறேன் என்று. உடம்பு முழுக்க வேப்பிலை கட்டிக்கொண்டு சுற்றுவார்கள், நீயும் பார்த்திருப்பாய். ஆடி மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்துவிட்டேன். சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. வேன் பேசியாகிவிட்டது. அதுதான் அப்போது என் மண்டையில் இருந்தது, தம்பி. வேன்.

"பத்து நாள் பொறுத்துக்க ராஜா, மாத்திரய போட்டுக்கினு படு, யாராண்டயும் சொல்லாத" என்று சொன்னேன். "சரி நைனா" என்றான். அந்த வயசில் பிள்ளைகள் அப்பா பேச்சைக் கேட்பதே இல்லை என்பார்கள். என் பிள்ளை கேட்டான்.

குண்டு பட்டுச் செத்தான் என்று எழுதச் சொன்னது அரசப்பன் வாயை அடைக்க இல்லை. சுட்டவன் ஒருத்தன் வேண்டும் எனக்கு. எங்கேயோ மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறான், முகம் தெரியாது என்று ஒருத்தன் இருந்தால், சந்திரகலாவுக்கு எதிரில் உட்கார்ந்து என்னால் சாப்பிட முடியும்.

நீ மாத்திரை கொடுத்தாய், அவ்வளவுதான். அதை நினைத்து உன்னை நீ அரித்துக்கொள்ளாதே. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

வீரராகவன்


கும்மிடிப்பூண்டி
3.7.2025

ஐயா,

கிழித்துவிட்டேன்.

போன கடிதத்தில் நான் பொய் எழுதினேன். ஐந்தாம் தேதி போன் வரிசையில் அவனுக்கு அடுத்தவன் நான்தான். நீங்கள் பேசியது கேட்கவில்லை. அவன் பேசியது கேட்டது. "சரி நைனா, சொல்லல" என்றான். போனை என் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தான். "எங்க நைனா வேன் பேசிட்டாராம்ணே." எனக்கும் சிரிப்பு வந்தது. நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

உங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் வாயைத் திறக்காததற்குக் காரணம் இதுதான். மூன்று நாள் என்று சொன்னால் ஏன் என்று கேட்பீர்கள். ஏன் என்பதற்கு என்னிடம் இருந்த பதில் உங்கள் பெயர். அம்மா எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவன் உங்கள்மேல் ஒரு தடவைகூடக் குறை சொல்லவில்லை. அந்த மூன்று நாளும் சொல்லவில்லை. இதை உங்கள் ஆறுதலுக்காக எழுதவில்லை. நடந்தது அப்படித்தான்.

கல்லுக்கு எந்தக் கவிதையைக் கொடுத்தாலும் எனக்குச் சம்மதம். ஒன்பதாம் தேதி லீவு கேட்டேன், ஷிப்டு மாற்ற ஆள் இல்லை என்கிறார்கள். கேட்டில் நின்றுகொண்டே நினைத்துக்கொள்கிறேன்.

ஆசீர்வாதம்


ஆர்.கே.பேட்டை
21.7.2025

தம்பி ஆசீர்வாதத்துக்கு,

கல் நட்டாகிவிட்டது. நீ பத்து நிமிஷத்தில் எழுதியதைத்தான் வெட்டச் சொன்னேன். ஊர்க்காரர்கள் வந்தார்கள். அரசப்பனும் மாலை கொண்டுவந்து போட்டான். பூமிகா அதைச் சத்தமாகப் படித்தாள்.

எல்லாரும் போனபிறகு சந்திரகலா கல்லுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். படிக்கத் தெரிந்தவள்தான், ஆனாலும் ஐந்தாவது வரியில் விரலை வைத்து என்னைப் படிக்கச் சொன்னாள். ஒருநொடிப் பொழுதில் என்று படித்தேன். "நெஜமாவா? ஒரு நொடிதானா? வலிச்சிருக்காதா?" என்றாள். ஆசீர்வாதம் பக்கத்திலேயே இருந்தவன், அவன் எழுதியது என்றேன். அன்றைக்கு அவள் தூங்கினாள். ஒரு வருஷமாக அப்படித் தூங்கிப் பார்த்ததில்லை. அரை வயிறு நாஷ்டாவோடு எழுந்துவிடுகிறவள், மறுநாள் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

நான் சந்தோஷப்பட வேண்டும். பட்டேன், தம்பி. பொய்யாகச் சொல்லவில்லை. ஆனால் அவள் தூக்கத்துக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு நான் விழித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் முதல் கவிதை மோட்டார் கொட்டகையில், சுவிட்சுப் பெட்டிக்குள் இருக்கிறது. தண்ணீர் பாய்ச்சும்போது அதை எடுத்து வாய்விட்டுப் படிப்பேன். மோட்டார் ஓடுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்காது. இப்போது பார்க்காமலே வருகிறது. அவன் சொன்னது சரிதான், வெயிலில்கூடக் குளிருகிறது.

இப்போது வந்திருக்கும் பேஜாரு வேறு. முந்தாநாள் சந்திரகலா பெரியபாளையம் போக வேண்டும் என்றாள், வேப்பஞ்சேலை கட்ட. எதற்கடி, யாருக்காக என்று கேட்டேன். நிதானமாகத்தான் சொன்னாள். "ஊடு வந்து சேரணும்னுதானே வேண்டினேன். எப்பிடி வரணும்னு நான் சொல்லலியே. அவ கொண்டாந்து சேத்துட்டா. நாமதான் இன்னும் செய்யல. பூமிகாவும் ஒரு ஊட்டுக்குப் போவணும், சாமிக்கு வெச்சத நிறுத்தக் கூடாது."

வேண்டாம் என்று சொல்ல வேண்டுமானால் நான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சரி என்று சொன்னேன். என் பிள்ளை என்னிடம் சொன்ன மாதிரியே சொன்னேன்.

ஆடி மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, ஆகஸ்டு மூன்றாம் தேதி. அவள் வேப்பிலை கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றும்போது யாராவது பின்னாலேயே போக வேண்டும், மயங்கினால் பிடித்துக்கொள்ள. நான் போக வேண்டியதுதான். தனியாக என்னால் முடியாது, தம்பி. எதற்காக நடக்கிறோம் என்று தெரிந்த இன்னொருத்தன் என் பக்கத்தில் வேண்டும். அப்படி உலகத்தில் நீ ஒருத்தன்தான் இருக்கிறாய். உன் சாமி கோபித்துக்கொள்ளாது என்றால் வா. உன் காலைப் பற்றிக் கவலைப்படாதே, மெதுவாகத்தான் நடப்பார்கள்.

காலை எட்டு மணிக்குப் பெரியபாளையம் பஸ் ஸ்டாண்டில் நில்லு. சொந்தக்காரர்கள் யாருக்கும் சொல்லவில்லை. வேன் பேசவில்லை, பஸ்ஸில்தான் வருகிறோம்.

வீரராகவன்